நைனா பேரைக் கேட்ட புலி

எங்கள் நைனாவின் பேரை இங்கே எழுத மாட்டேன். வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பேரை ஒரு புலி ஏற்கெனவே காதில் வாங்கிவிட்டது. அச்சில் வேறு போட்டுக் கொடுப்பானேன் என்றுதான்.

முதலில் என் மூஞ்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கண்ணு, சப்பை மூக்கு. வண்ணாரப்பேட்டையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற பொம்பளைகள் என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தொட்டுக் கையால் ஜாடை காட்டுவார்கள். "இன்னா வோணும், வாயத் தொறந்து சொல்லு" என்று நான் கேட்டதும் உட்காரப் போனவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். தாத்தா சீனாவில் கான்டன் பக்கத்து ஆள். அம்மா வழி முழுக்கக் காசிமேட்டுக் கடல்காரர்கள். மூஞ்சி அங்கிருந்து வந்தது, வாய் இங்கிருந்து வந்தது. இந்த ஏரியாவில் வாய் இருந்தால்தான் பிழைக்க முடியும், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தாத்தா ஒரு கூத்துக் கம்பெனியோடு கப்பலேறி, ஊர் ஊராக ஆடி, கடைசியில் எப்படியோ மெட்ராஸ் துறைமுகத்தில் தச்சு வேலைக்கு நின்றுவிட்டவர். அவர் ஆடிய கூத்துக்கு உலகத்தார் கான்டனீஸ் ஆப்பரா என்று பேர் சொல்லி, பாதுகாக்க வேண்டிய கலை என்று இப்போது பத்திரப்படுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் அது வெறும் கூத்துதான். நைனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தக் கதைகளை எடுத்துவிடுவார். அந்தக் காலத்தில் கூத்துக்காரர்கள் சிவப்புச் சாயம் அடித்த படகுகளிலேயே குடியிருந்தார்களாம். ஆறு போகிற ஊரெல்லாம் போய், கோயில் வாசலில் மூங்கில் கொட்டகை போட்டு ஆடுவார்களாம். படகில் யாருக்கு எந்தப் படுக்கை என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகுமாம். ராஜா வேஷக்காரனுக்கு அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் விழுந்தாலும் படுத்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு தடவை அந்த நடிகர்கள் நிஜ ராஜாவுக்கு எதிராகவே கலகத்தில் இறங்கி, மேடை உடுப்போடு சண்டைக்குப் போயிருக்கிறார்கள். தோற்றதும் கூத்துக்கே தடை வந்துவிட்டது. கூத்துக்காரர் சங்கக் கட்டடத்தை ராஜாவின் ஆட்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப காலம், இது எங்க ஊர்க் கூத்து இல்லீங்க, வேற ஊர்க் கூத்துங்க என்று பேரை மாற்றிச் சொல்லி ஆடிப் பிழைத்திருக்கிறார்கள். நைனாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அவருக்கே ரேஷன் கடையில் ஒரு பேரு, துறைமுகத்தில் ஒரு பேரு, தெருவில் சீனா மேஸ்திரி. தாத்தா வைத்த பேரு ஒன்று உண்டு. தாத்தா போன பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அம்மா சொல்வாளா? எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் கிடையாது. அம்மாவுக்கு அவர் 'இந்தாய்யா', அவருக்கு அம்மா 'இன்னாமே'. இத்தனை வருஷமும் அப்படியே ஓடிவிட்டது.

அந்தக் கூத்துக்காரர்களுக்கு நெருப்புச் சாமிதான் குலசாமி மாதிரி. மேலுலகத்து ராஜா, அந்தக் கொட்டகையைக் கொளுத்திவிட்டு வா என்று அந்தச் சாமியை அனுப்பினாராம். வந்த சாமி ஆட்டத்தைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கடைசியில், நிறைய ஊதுவத்தியும் காகிதமும் கொளுத்துங்கள், மேலே இருந்து பார்த்தால் எரிந்த மாதிரி தெரியட்டும் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனதாம். எண்ணூர்ப் பக்கம் புகையைப் பார்க்கும்போதெல்லாம், எவனோ மேலிடத்துக்குப் பொய்க் கணக்குக் காட்டுகிறான் என்பார் நைனா.

இப்படிப்பட்ட கூத்தில் எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்த சொத்து எது என்று கேட்டால் சிரிப்பீர்கள். தாத்தா கம்பெனியில் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. புலி. புதிதாகக் கட்டி யாரும் ஆடாத மேடையில் ஒரு வெள்ளைப் புலி குடியிருக்குமாம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் அதை அடக்கியாக வேண்டும். கறுப்பு மூஞ்சித் தளபதி ஒருவர் மேசை மேல் உட்கார்ந்திருப்பார். மேடையில் பச்சைப் பன்றிக்கறி தொங்கும். புலி வந்து அதைக் கவ்வும். தளபதி குதித்து, சண்டை போட்டு, வாயில் சங்கிலி மாட்டி, முதுகில் ஏறி உட்காருவார். புலி பின்பக்கமாகவே நடந்து உள்ளே போக வேண்டும். பத்து நிமிஷ வேலை. இதில் பாட்டு இல்லை, வசனம் இல்லை. அதுமட்டுமில்லை, ஆரம்பித்ததிலிருந்து புலி உள்ளே போய், தளபதியின் மூஞ்சிச் சாயத்தைக் காகிதத்தால் துடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. பேரைச் சொல்லி யாரையும் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் புலி அந்தப் பேரைப் பிடித்துக்கொள்ளும். ஊரெல்லாம் பாடிக் கொண்டாடுகிற கூத்தில் பேசவே கூடாத ஒரு துண்டு, பேச்சை நிறுத்தத் தெரியாத எங்கள் குடும்பத்துக்கு வந்திருக்கிறது!

போன வருஷம் நைனாவின் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார், மாசக் கடைசியில் ஆபரேஷன், அதற்கப்புறம் குரல் வராது என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். நைனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அம்மா வீட்டுக்கு வந்து, பேச வேண்டியதையெல்லாம் இப்பவே பேசிடு, அப்புறம் மனசில் வெச்சிக்கினு சாவாதே என்று சண்டை பிடித்தாள். நானும் பார்லரைச் சாயங்காலமே மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். அவர் என்னிடம் பேசியதெல்லாம் மெட்ரோ ரயிலில் ஏசி ஜாஸ்தி என்பதைப் பற்றித்தான்.

அந்த நேரம் பார்த்து ஹாங்காங்கிலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள். வெளியூர்களுக்குப் போன கூத்துக்காரர் வாரிசுகளிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பதிவு செய்கிற வேலை. நைனாவுக்குச் சீன பாஷையில் தெரிந்தது இருபது வார்த்தை, அதிலும் பாதி கெட்ட வார்த்தை. அதனால் அவள் போனிடம் பேசுவாள், போன் எங்களிடம் தமிழில் பேசும். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புலியைக் காண விழைகிறேன்" என்று போன் சொன்னதும் அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். மற்ற இடங்களில் புலியை ஆடுகிறார்களாம், ஆனால் தாத்தா கம்பெனி ஆடிய விதம் எங்கும் கிடைக்கவில்லையாம். நைனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடுகிறேன், ஆனால் புது மேடை வேண்டும் என்றார்.

புது மேடை தயாராகவே இருந்தது. திருவொற்றியூரில் குப்பத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி கவுன்சிலர் ஒரு கலையரங்கம் கட்டியிருந்தார். திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை. விழாவுக்கு முந்தின நாள் காலையில் வந்து பூஜை மாதிரி ஒன்று செய்துவிட்டுப் போகிறோம் என்று நான் கேட்டேன், பூஜைதானே என்று அவரும் சாவியைக் கொடுத்தார். தாத்தாவின் புலித்தலை பரணில் இருந்தது. உடம்புக்கு என் பார்லர் வெள்ளைத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தேன். புலி யார்? டிரெய்லர் ஓட்டுகிற என் வீட்டுக்காரர்தான். புலிக்கு டயலாக் எதுனா இருக்குதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றதும் ஒத்துக்கொண்டார். நைனா மூஞ்சிக்கு என் கடைக் கண்மையைத்தான் பூசினேன். மேடை ஓரத்தில் நின்று தாத்தாவின் பித்தளைத் தட்டை அடிப்பதும் என் வேலை.

குப்பமே வந்து மணலில் உட்கார்ந்தது. பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம். ஆச்சரியம், யாரும் பேசவில்லை. நான் தட்டை அடித்தேன். நைனா மேசை மேல் ராஜகம்பீரமாக உட்கார்ந்தார். புலி நாலு காலில் வந்தது. கறியை நோக்கி வாயைத் திறந்தது. அதற்கு முன்னால் குப்பத்து நாய் ஒன்று மேடையேறி, கறியைக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடியது.

அங்கேயே நின்றிருக்க வேண்டியதுதானே? என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. புலி வேஷத்தோடேயே நாயைத் துரத்திக்கொண்டு முன்பக்கப் படியில் இறங்கிவிட்டார். கொஞ்ச தூரத்தில் அந்த நாய்க்கு இன்னும் மூன்று நாய் துணைக்கு வந்தது. இப்போது நாய்கள் புலியைத் துரத்தின. புலி கரையில் கிடந்த ஃபைபர் படகில் ஏறி நின்று துடுப்பை வீசியது. நைனா மேசையிலிருந்து குதித்து, கையில் சங்கிலியோடு புலியைப் பிடிக்க ஓடினார். கண்மை வேர்வையில் வழிந்து கண்ணை மறைத்துவிட்டது. மேடை விளிம்பு அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அம்மா கத்தினாள்.

அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவள். அவள் குரல் அலைத்தடுப்புக் கல் வரைக்கும் கேட்கும். அந்தக் குரலில், தாத்தா வைத்த அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நைனா ஒரு காலைத் தூக்கியபடி விளிம்பில் அப்படியே நின்றார். கரையே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

நைனா அதற்கப்புறம் பேசவில்லை. முதலில் அதிர்ச்சி என்று நினைத்தோம். சாயங்காலம் கையால் விளக்கினார். புலி இறங்கி ஓடிவிட்டது, சங்கிலி மாட்டவில்லை, ஆட்டம் முடியவில்லை, முடியாமல் பேசக் கூடாது. எனக்கு வந்ததே கோபம். ஊரில் அத்தனை பேரும் அரை நிமிஷத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள், உனக்கு மட்டும் என்ன சட்டம், இன்னும் கொஞ்ச நாள்தானே அந்தக் குரல் இருக்கப் போகிறது என்று கத்தினேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்லுளிமங்கன்.

அதைவிடக் கொடுமை அம்மா. புலிக்குப் பேரைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், அது அவர் குரலை இப்பவே தின்னுடுச்சு என்று நம்பிவிட்டாள். மீன் விற்கிற இடத்தில் வழக்கம்போலக் கூவுவாள். வீட்டுக்குள் வந்தால் நைனாவிடம் ஒரு வார்த்தை கிடையாது, 'இந்தாய்யா'கூடக் கிடையாது. தட்டில் சோறு போட்டு நகர்த்துவாள், அவர் சாப்பிடுவார். தினமும் சண்டை கேட்டுப் பழகிய பக்கத்து வீட்டார் யாருக்கோ சாவு என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

திறப்பு விழாவை ஒப்பேற்றிவிட்டுக் கலையரங்கத்தைக் கவுன்சிலர் பூட்டிவிட்டார். புது மேடையில் பன்றி ரத்தம், நாய்க் கால் தடம். திறப்பு விழாவில் அவர் மைக்கைத் தொட்டபோதெல்லாம் அது வீல் என்று கத்தியது. புலிதான் என்றது குப்பம். டிரான்ஸ்பார்மர் வெடித்தது, புலி. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன, புலி. அந்த ரோட்டில் டிரெய்லர் நிற்காத நாள் ஒன்று உண்டா? ஆனாலும் என் வீட்டுக்காரரைப் பார்த்து, இன்னா மாமு, எப்போ கூண்டுக்குத் திரும்பப் போறே என்று டீக்கடையில் கலாய்த்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் ஆ சொல்லுங்க என்றார். நைனா வாயை நன்றாகத் திறந்தார், சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டர் இன்னொரு தபா சொல்லச் சொன்னார், மறுபடியும் வெறும் வாய். டாக்டர் மூஞ்சி மாறிவிட்டது. நான், அவருக்குக் குரல் இருக்குது சார், ஒரு புலி வெளியே இருக்குறதால பேச மாட்டேன்றார் என்று விளக்கினேன். டாக்டர் என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். கட்டி நினைத்ததைவிட வேகமாகப் போகிறது, மாசக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், வருகிற திங்கட்கிழமையே அறுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். நைனா அதற்கும் தலையாட்டினார்.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் புலியைப் பிடிக்காவிட்டால் எங்கள் நைனாவின் கடைசிப் பேச்சு, அந்த நாய் கறியைத் தூக்கியதற்கு முந்தின நாள் ராத்திரி, குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னதாகத்தான் இருக்கும்.

மறுபடி ஆடிப் புலியைப் பிடிக்கக் கேட்டதற்கு, சாவியைத் தர மாட்டேன் என்று கவுன்சிலர் பிடிவாதமாக இருந்தார். அம்மா காசிமேட்டு மீன்காரப் பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனாள். அவர்கள் வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும், காதைப் பொத்தத் தயாராகத்தான் வெளியே வந்தார். ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார்கள். முதலில் சிரித்தார். அப்புறம் என்னம்மா பிரச்சினை, தண்ணி வரலியா, லைட் எரியலியா என்று கேட்டார். அந்தப் பொம்பளைகள் சேர்ந்தாற்போல வாயை மூடி நின்று அந்த ஏரியாவில் யாரும் பார்த்தது கிடையாது. கொஞ்ச நேரத்தில் அவரே உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அம்மா கையில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது ஆட்டம். இந்தத் தடவை நாய்களுக்குத்தான் முதல் மரியாதை. விடிந்ததிலிருந்து குப்பத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் கவலை என்கிற பொடி மீனை அள்ளி அள்ளிப் போட்டார்கள். அதுவும் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாத நேரம், மனுஷனுக்கே மீன் கிடைப்பது பேஜாரு. நாய்கள் தின்று முடித்து, காலை நீட்டி மணலில் படுத்துவிட்டன. ஐஸ் உடைக்கிற மிஷினை நிறுத்தினார்கள். போனையெல்லாம் அணைத்தார்கள். கவுன்சிலரும் வந்து, மைக் இல்லாமல், முதல் வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்தார். ஆராய்ச்சிப் பெண் தன் கருவியை ஓடவிட்டாள். புலி வருகிற வழி மாறக் கூடாது என்று, என் வீட்டுக்காரர் போன தடவை ஏறி நின்ற அதே படகிலிருந்து இறங்கி, வேஷத்தோடு நாலு காலில் மணலைத் தாண்டி, அதே முன்பக்கப் படியில் ஏறினார். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

நான் தட்டை அடித்தேன். புலி கறியைக் கவ்வியது. நைனா குதித்தார், மெதுவாகத்தான் குதித்தார். சுற்றிச் சுற்றிச் சண்டை. சங்கிலி வாயில் ஏறியது. நைனா முதுகில் உட்கார்ந்தார், என் வீட்டுக்காரர் பின்பக்கமாகவே அடி அடியாக உள்ளே போனார். நான் ஓடிப்போய் நைனாவின் மூஞ்சியை பார்லர் காகிதத்தால் துடைத்தேன். நெற்றி, கன்னம், தாடை. துடைத்து முடித்துக் காகிதத்தைக் கீழே போட்டேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது, இனிமேல் பேசலாம்.

நைனா மேடைக்கு முன்னால் வந்தார். குப்பமே அவர் வாயைப் பார்த்தது. தாத்தாவைப் பற்றி, கூத்தைப் பற்றி ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று ஆராய்ச்சிப் பெண் கருவியை நீட்டிக்கொண்டு படியருகே ஓடி வந்தாள். நைனா அவளைப் பார்க்கவில்லை. கடைசியில் படகு ஓரமாக நின்ற அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தார். குரல் கரகரவென்று வந்தது.

"இன்னாமே. அன்னிக்கு ஒரு பேரு சொல்லிக் கூப்ட்டியே. இன்னொரு தபா கூப்புடு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். போய்யா, அத்தினி பேர் பாத்துகினு கீறாங்க என்று முனகினாள். நைனா நகரவில்லை. அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றி, சுற்றி, ரொம்பச் சின்னக் குரலில் அந்தப் பேரைச் சொன்னாள். எனக்கே கேட்டது.

"கேக்கல" என்றார் நைனா.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தலையை நிமிர்த்தி, ஏலக் குரலில், தாத்தா வைத்த அந்தப் பேரை முழுசாக ஒரே மூச்சில் கூவினாள். தூங்கிக்கொண்டிருந்த நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. நைனா சிரித்தார். நான் அவ்வளவு சத்தமாக அவர் சிரித்துக் கேட்டதில்லை. அப்புறம் அன்றைக்குப் பூராவும் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நடுவில் குழம்பைப் பற்றி ஒரு சண்டை மட்டும் வாசல் வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கட்டி பரவவில்லை, ஆள் நன்றாக இருக்கிறார். ஆராய்ச்சிப் பெண் ஊருக்குப் போய் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு, போன வாரம் போனில் பேசினாள். எங்கள் வகையில், புலி அடங்கிய பிறகு தளபதியின் மனைவி தளபதியின் பேரை இரண்டு முறை கூவுவாள் என்று பதிவாகியிருக்கிறதாம், அங்கே ஒரு குழு அதையும் சேர்த்தே பழகுகிறதாம். இல்லம்மா, அது கூத்துல கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். நைனா வேண்டாம் என்று என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

இப்போது அம்மா அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். காலையில் மீன் கூடையை இறக்கியதும் தெருமுனையிலிருந்தே கூவுவாள். நைனாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தாத்தாவின் பித்தளைத் தட்டு தொங்குகிறது, அதை ஒரு அடி அடித்தால் இருக்கிறேன் என்று அர்த்தம். முதல் தபா கூப்பிட்டால் அவர் அடிக்கவே மாட்டார். கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் இரண்டாம் தபா கூப்பிடுகிற வரைக்கும் காத்திருப்பார்.